வக்கீலை நம்புங்கள், வாய்தாவை நீங்களே பாருங்கள்: கட்சிக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் குடும்பத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு பதினோரு வருடம் நடந்தது. அதில் கடைசி பதினான்கு மாதம் வழக்கே இல்லை. வாதி தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்று கோர்ட் தள்ளுபடி செய்திருந்தது. அது தெரியாமல் அப்பா மாதாமாதம் குமாஸ்தாவுக்கு போன் போட்டு "அடுத்த வாய்தா எப்போ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் சளைக்காமல் ஒவ்வொரு தேதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மகன் ஒரு நாள் சும்மா மொபைலில் தட்டிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அந்த வக்கீல் மோசடிக்காரர் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஜூனியர் மாறியிருக்கிறார், டைரியில் ஒரு தேதி விட்டுப்போயிருக்கிறது, அப்புறம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்திருக்கிறார்கள். ஆனால் நஷ்டம் எங்களுக்குத்தான். அதற்குப் பிறகுதான் வக்கீல்களுக்கான நடத்தை விதிகளை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம்: நாம் வாய்விட்டுக் கேட்கவே தயங்குகிற பல விஷயங்கள் அங்கே அவர்களுடைய கடமையாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

வக்கீல் தொழிலை ஆள்வது 1961ஆம் வருடத்து வழக்கறிஞர்கள் சட்டம். அதன் 49வது பிரிவு தரும் அதிகாரத்தில், வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் விதிகள் போட்டிருக்கிறது. அந்த விதிகளின் ஆறாம் பகுதி, இரண்டாம் அத்தியாயம்தான் நமக்கு வேண்டியது. கோர்ட்டுக்கு, கட்சிக்காரருக்கு (அதாவது வழக்கை அவரிடம் கொடுத்த நமக்கு), எதிர்தரப்புக்கு, சக வக்கீலுக்கு என்று கடமைகள் அங்கே பிரித்துச் சொல்லப்பட்டுள்ளன. 11 முதல் 33 வரையிலான விதிகள் கட்சிக்காரருக்கான கடமைகள். ஒரு வழக்கு நடக்கிற வரிசையிலேயே அவற்றைப் பார்ப்போம்.

முதல் படி: வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

இவர் உண்மையிலேயே வக்கீலா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், போலி வக்கீல்கள் பிடிபடும் செய்தி அவ்வப்போது வரத்தான் செய்கிறது. பார் கவுன்சிலில் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண்ணும் வருடமும் உண்டு. தமிழ்நாட்டில் அதை எம்.எஸ். எண் என்பார்கள். வக்காலத்திலும் அது இருக்கும். பதிவு இல்லாமல் கோர்ட்டில் தொழில் செய்தால் 45வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை.

வக்கீல் விளம்பரம் செய்வதும் ஆள் வைத்து வழக்கு பிடிப்பதும் 36வது விதிப்படி தடை. 2008ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு விவரம், படிப்பு, எந்த வகை வழக்குகள் என்ற அளவுக்கு இணையதளம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே விபத்து நடந்த மறுநாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் "நான் பார்த்துக்கறேன், நஷ்ட ஈடு வாங்கித் தர்றேன்" என்று காகிதத்தை நீட்டுகிற ஆள் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் வக்கீல் இல்லை, தரகர்.

அடுத்தது, நேராக ஒரு கேள்வி: "எதிர்தரப்பு யாரையாவது உங்களுக்குத் தெரியுமா சார்? இந்த விவகாரத்தில் வேறு ஏதாவது சம்பந்தம் உண்டா?" சின்ன ஊர்களில் இது ரொம்ப முக்கியம். எதிர்தரப்போடு தொடர்பும் வழக்கில் சொந்த அக்கறையும் இருந்தால், உங்கள் முடிவைப் பாதிக்கக்கூடிய எதையும் முதலிலேயே மறைக்காமல் சொல்ல வேண்டும் என்கிறது 14வது விதி. இதே வழக்கில் எதிர்தரப்புக்கு ஏற்கனவே ஆலோசனை சொன்னவரோ மனு எழுதிக் கொடுத்தவரோ உங்களுக்காக ஆஜராக முடியாது (விதி 33). தானே சாட்சியாக வேண்டி வரும் என்று தெரிந்தாலும் வழக்கை எடுக்கக் கூடாது (விதி 13). நில விவகாரத்தில் பத்திரத்தைத் தயாரித்த வக்கீலிடமே வழக்கையும் கொண்டுபோகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பத்திரமே கேள்விக்கு வந்தால் அவர் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

வக்காலத்து என்பது உங்களுக்காக ஆஜராகும் அதிகாரத்தை எழுத்தில் கொடுப்பது. அச்சடித்த அந்தத் தாளில் சமரசம் செய்யவும் பணம் பெறவும் வழக்கை வாபஸ் வாங்கவும் அதிகாரம் என்று பல வரிகள் பொடி எழுத்தில் இருக்கும். படிக்காமல் போடுவதுதான் நம் வழக்கம். குறைந்தபட்சம் "பணம் பெற்றுக்கொள்ள", "சமரசம் செய்துகொள்ள" என்ற இரண்டு வரிகளையாவது விசாரியுங்கள். வெற்று வெள்ளைத் தாளிலோ நிரப்பாத பத்திரத்திலோ கையெழுத்து வேண்டாம். "அப்புறம் உங்களைத் திரும்ப அலைய விட வேண்டாமேன்னுதான்" என்பார்கள். அலைந்தாலும் பரவாயில்லை.

மூலப் பத்திரங்களைக் கொடுக்கும்போது ஒரு பட்டியல் எழுதி, "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, "சார், இன்று இந்த ஏழு பத்திரம் கொடுத்தேன்" என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள். பின்னால் அதுவே சாட்சி.

இரண்டாம் படி: ஃபீஸ்

சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

வக்கீல் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு நடைமுறையில் உச்சவரம்பு கிடையாது. 1926ஆம் வருடத்து சட்டத் தொழில் புரிவோர் கட்டணச் சட்டப்படி இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். அனுபவத்துக்கும் வழக்கின் தன்மைக்கும் பொருந்தினதாக இருக்க வேண்டும் என்று 11வது விதி சொல்கிறது. ஆனால் எப்படி வாங்கக் கூடாது என்பதில் விதி கறாராக இருக்கிறது.

"ஜெயித்தால் இருபது பர்சென்ட் கொடுங்க, தோற்றால் ஒன்றும் வேண்டாம்" என்று பேசுவது தப்பு. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும் கிடைக்கிற தொகையில் பங்கு கேட்பதையும் 20வது விதி தடுக்கிறது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. தெலங்கானாவில் ஒரு பெண் கணவரை விபத்தில் இழந்து நஷ்ட ஈடு பெற்றவர். அதில் சதவீதம் கேட்ட வக்கீல், அவரிடம் வாங்கிய செக் திரும்பி வந்தபோது அவர் மேலேயே செக் மோசடி வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. விபத்து வழக்குகளில் இந்த சதவீதப் பேச்சு எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். சகஜம் என்பதால் சட்டமாகிவிடாது.

அப்புறம், வக்கீலிடம் நாம் கொடுக்கும் பணம் இரண்டு வகை. ஒன்று அவருடைய ஃபீஸ். இன்னொன்று கோர்ட் கட்டணம், நகல், சம்மன் மாதிரியான செலவு. இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்க வேண்டும். செலவுக்குக் கொடுத்த பணத்தை உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஃபீஸாக மாற்றிக்கொள்ளக் கூடாது (விதிகள் 25, 26). உங்கள் சார்பில் ஏதாவது தொகை வந்தால் சீக்கிரமாகத் தெரிவிக்க வேண்டும் (விதி 27). நீங்கள் கேட்டால், நகல் எடுக்கும் செலவைப் பெற்றுக்கொண்டு, கணக்கின் நகலைத் தர வேண்டும் (விதி 30). உங்கள் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்வதும், வழக்கு நடத்த உங்களுக்குக் கடன் கொடுப்பதும் இரண்டுமே கூடாது (விதிகள் 31, 32).

எனவே முடிந்த வரை வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ கொடுங்கள். அனுப்பும்போது "கோர்ட் ஃபீ" அல்லது "வக்கீல் ஃபீஸ், முதல் தவணை" என்று குறிப்பு எழுதுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் கொடுத்த அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். தொடக்கத்திலேயே மூன்று விஷயம் பேசி முடியுங்கள்: மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா? மேல்முறையீடு சேர்ந்ததா, தனியா? சீனியர் வக்கீல் வைத்தால் அந்தச் செலவு யாருடையது?

"ஜட்ஜ் தெரிஞ்சவர்தான், கொஞ்சம் தனியா செலவாகும்" என்ற வாக்கியம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி நீதிபதியோடு தனியாகப் பேசுவதே தடை. அந்தப் பணம் நீதிபதியிடம் போகவே போகாமலும் இருக்கலாம், போனாலோ நீங்களும் குற்றவாளி.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 1987ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணைக் குழு சட்டத்தின் 12வது பிரிவைப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வருமான வரம்புக்குள் வருபவர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை, இது பலருக்குத் தெரியாது. உதவி எண் 15100. அப்படி நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால், சட்டப் பணிகள் ஆணைக் குழுவிலேயே சொல்லுங்கள்.

மூன்றாம் படி: வழக்கு நடக்கும்போது

முதலில் உங்கள் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணை, வாங்குங்கள். எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடம் கொண்டது. அதை கோர்ட்டுகளின் வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியிலோ இணையதளத்திலோ போட்டால் அடுத்த தேதி, போன வாய்தாவில் நடந்தது, பல இடங்களில் உத்தரவின் நகல்கூட வரும். "நம்பர் ஆகலை" என்று வக்கீல் சொன்னால் வழக்கு இன்னும் கோர்ட் கோப்பில் ஏறவில்லை என்று அர்த்தம். சில வாரம் ஆகலாம், மாதக்கணக்கில் ஆனால் ஏன் என்று கேளுங்கள். குறை சொல்லி கோர்ட் திருப்பி அனுப்பிய மனு, திருத்தித் திரும்பத் தாக்கல் செய்யாமல் கேஸ் கட்டுக்குள்ளேயே கிடப்பது நடக்கிற விஷயம்.

தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு பழைய வழக்கு உண்டு. காது கேட்காத ஒரு முதியவர், இரண்டு புரோநோட்டுகளின் மேல் பணம் வசூலிக்க வழக்குப் போடச் சொல்லி வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் வழக்கை நடத்தவே இல்லை. ஆனால் வழக்கு நிலுவையில் இருப்பதாகச் சொல்லி வாய்தா தேதிகள் கொடுத்தார், கடைசியில் டிகிரி (சாதகமான தீர்ப்பாணை) ஆகிவிட்டது என்றும் சொன்னார். மாநில பார் கவுன்சில் ஆறு வருடம் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. 1978ல் உச்ச நீதிமன்றம் தண்டனையின் ஒரு பகுதியை ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்வதாக மாற்றியது. எங்கள் அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்தபின் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது, காலம் மாறினாலும் குமாஸ்தா சொல்லும் பதில் மாறவில்லை என்று தோன்றியது. ஒரே வித்தியாசம், அந்த முதியவர் கையில் செயலி இல்லை.

நீங்கள் சொன்னது வெளியே போகக் கூடாது என்பது உங்கள் பெரிய பாதுகாப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 132வது பிரிவு, தொழில்முறையில் நீங்கள் வக்கீலிடம் சொன்னதை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அவர் வெளியிடுவதைத் தடுக்கிறது. குமாஸ்தாவும் இதற்குள் வருவார். வக்கீலை மாற்றின பிறகும் இது தொடரும். ஆனால் இனிமேல் செய்யப்போகும் சட்டவிரோதமான காரியத்துக்காகச் சொன்னதற்கு இந்தக் காப்பு கிடையாது. ஆகவே பாதகமான உண்மைகளையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வக்கீல் வாயிலிருந்து உங்கள் வக்கீல் அதை முதல் தடவையாகக் கேட்பது இருவருக்குமே அவமானம்.

எப்படி வாதாடுவது, எந்தச் சாட்சியை எப்போது கூப்பிடுவது என்பதெல்லாம் அவர் தொழில். தலையிட்டால் கெடும். ஆனால் சமரசம், வாபஸ், எதிர்தரப்புக் கோரிக்கையை ஒப்புக்கொள்வது போன்றவை உங்கள் முடிவு. கட்சிக்காரரின் தெளிவான அறிவுறுத்தல் இல்லாமல் வக்கீல் உரிமைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015ல் சொல்லியிருக்கிறது. 19வது விதியும் கட்சிக்காரரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ சொல்வதை மட்டுமே கேட்க வேண்டும் என்கிறது. உங்கள் மைத்துனர் போன் போட்டு "சமாதானமா போயிடலாம்" என்று சொன்னால் அது அறிவுறுத்தல் ஆகாது.

பதிலுக்கு நம் பக்கமும் கடமை உண்டு. பொய்ச் சாட்சி தயார் செய்யச் சொல்வது, தேதி மாற்றிய பத்திரம் கொடுப்பது இதற்கெல்லாம் மறுக்க வேண்டியது அவர் கடமை (விதி 4). மறுத்ததற்காகக் கோபப்படாதீர்கள். பொய்யை வெளியே சொல்ல மறுக்கிறவர் உள்ளே உங்களிடமும் பொய் சொல்ல மாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: வக்கீலை மாற்றுவது

நம்பிக்கை போய்விட்டால் மாற்றலாம். புதிய வக்கீல் ஆஜராவதற்குப் பழையவரின் சம்மதம் வேண்டும், இதை என்.ஓ.சி. என்பார்கள். அவர் தர மறுத்தால் வழக்கு நின்றுவிடாது. காரணத்தைச் சொல்லி கோர்ட்டில் மனுப் போட்டு, அனுமதி பெற்று ஆஜராகலாம் என்று 39வது விதியே வழி சொல்கிறது.

"பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன்" என்பது அடிக்கடி கேட்கிற மிரட்டல். அதற்கு உரிமை இல்லை. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகர் ஒருவர், ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வங்கியின் கோப்புகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 2000ல் உச்ச நீதிமன்றம், ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் கோப்புகளைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை, திருப்பித் தர மறுப்பது தொழில் தவறு என்றது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூல் வழக்குப் போடலாம். ஆகவே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள்: வக்காலத்தைத் திரும்பப் பெறுகிறேன், இந்தக் கோப்புகளை இத்தனை நாளுக்குள் தரவும், கணக்கைத் தரவும். மூன்று வரி போதும், திட்டு வேண்டாம்.

அவராக விலகினாலும் விதி உண்டு. தக்க காரணம் வேண்டும், போதுமான அவகாசம் கொடுத்துத் தெரிவிக்க வேண்டும், செய்யாத வேலைக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும் (விதி 12).

மாற்றும் முன் காலக்கெடுவைப் பாருங்கள். ஆஜராகாமல் தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்பில் ஏற்ற 30 நாள்தான். எக்ஸ்பார்ட்டி டிகிரியை, அதாவது பிரதிவாதி வராததால் அவர் இல்லாமலே கொடுத்த தீர்ப்பை, ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள், சம்மன் சரியாகச் சேரவில்லையென்றால் டிகிரி தெரிந்த நாளிலிருந்து. தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு வேண்டும், ஒவ்வொரு தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். புகார் எழுதுவதற்கு முன் இதை முடியுங்கள்.

ஐந்தாம் படி: இது புகாருக்கு உரியதா?

வழக்குத் தோற்றது புகாருக்கு உரியதல்ல. நீங்கள் எதிர்பார்த்த மாதிரி வாதாடவில்லை, போன் எடுப்பதில்லை, எரிந்து விழுகிறார் என்பதற்கெல்லாம் தண்டனை கிடைப்பது சிரமம். எதிர்தரப்பு வக்கீல் கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்தார் என்று புகார் கொடுப்பதும் வீண் வேலை, அவர் தன் கட்சிக்காரருக்காகத் தன் கடமையைச் செய்தார்.

உங்கள் பணத்தைக் கையாடல் செய்வது, போடாத வழக்கைப் போட்டதாகச் சொல்வது, கோப்பை மறுப்பது, எதிர்தரப்போடு சேர்ந்துகொள்வது, கையெழுத்தைப் போலியாகப் போடுவது, கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது: இவை எடுபடும். ஸ்டிரைக் என்று சொல்லி ஆஜராகாமல் இருப்பதும் பாதுகாப்பு ஆகாது. வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆறாம் படி: பார் கவுன்சிலில் புகார்

உள்ளூர் வழக்கறிஞர் சங்கம் வேறு, பார் கவுன்சில் வேறு. சங்கத் தலைவரிடம் சொன்னால் சமாதானம் பேசலாம், தண்டிக்க முடியாது. அதிகாரம் உள்ளது, அந்த வக்கீல் எந்த மாநிலப் பதிவேட்டில் இருக்கிறாரோ அந்த மாநில பார் கவுன்சிலுக்கு. நமக்கு அது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

புகார் மனு வடிவில், கையெழுத்தும் உறுதிமொழியும் வைத்து, உரிய கட்டணத்தோடு இருக்க வேண்டும். தமிழில் எழுதலாம். மாநில மொழியில் தரும் புகாரை விதி ஏற்கிறது, டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போக வேண்டி வந்தால் மொழிபெயர்ப்பது கவுன்சிலின் பொறுப்பு. மனுவில் தேதி வரிசையாக நடந்ததை மட்டும் எழுதுங்கள். எப்போது வக்காலத்து, எப்போது எவ்வளவு பணம், என்ன சொன்னார், உண்மையில் கோர்ட் பதிவு என்ன சொல்கிறது. வங்கி ரசீது, செய்திகள், இ-கோர்ட்ஸ் பக்கம், உத்தரவின் சான்றிட்ட நகல் எல்லாம் இணைப்பு. "இவர் பெரிய திருடன்" என்ற வாக்கியம் உங்கள் பக்கத்துக்குப் பலவீனம்.

முதலில் கவுன்சில், புகாரில் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். அங்கே ஏறக்குறைய வழக்கு விசாரணை மாதிரியே நடக்கும், உங்களைக் குறுக்கு விசாரணையும் செய்வார்கள். சாதாரண சிவில் வழக்கைவிட வலுவான ஆதாரம் எதிர்பார்ப்பார்கள், ஒருவருடைய பிழைப்பு சம்பந்தப்பட்டதல்லவா. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35வது பிரிவின்படி புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம்.

புகார் கொடுத்தபின் "பணத்தைத் தர்றேன், வாபஸ் வாங்கிக்கோங்க" என்று ஆள் வருவார்கள். சமரசமானதால் மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதி இருக்கிறது, அதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

புகார் வந்த ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் 36பி பிரிவின்படி அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். இழுத்தடிப்பு அதிகம் என்பதால் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கெடுவைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் சொன்னது. மாநிலக் குழுவின் முடிவு பிடிக்கவில்லையென்றால் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம்.

ஏழாம் படி: போன பணம்

பார் கவுன்சில் தண்டிக்கும், நஷ்ட ஈடு வாங்கித் தராது. அதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும். நுகர்வோர் கோர்ட்டுக்கு இதற்காக இனி போக முடியாது. வக்கீல் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007ல் சொன்னதை, 2024 மே 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அங்கே போய் அலையாதீர்கள்.

சிவில் கோர்ட் இருக்கிறது. அதே 1926 சட்டத்தின் 5வது பிரிவு, வக்கீலின் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு வழக்குப் போடலாம் என்பதை ஒப்புக்கொள்கிறது. பண வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடக் கெடு. கையாடல், போலிக் கையெழுத்து என்றால் போலீஸ் புகார். நம்பிக்கை மோசடிக்கு புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316வது பிரிவு, ஏமாற்றுதலுக்கு 318. இவற்றையும் பார் கவுன்சில் புகாரையும் ஒரே சமயத்தில் நடத்தலாம்.

நாங்கள் புகார் கொடுக்கவில்லை. புதிய வக்கீல் தாமதத்தை மன்னிக்கும் மனுவோடு வழக்கைத் திரும்ப ஏற்றக் கேட்டார். எதிர்தரப்புக்கு செலவுத்தொகை கட்டச் சொல்லி கோர்ட் ஒப்புக்கொண்டது. பழைய வக்கீல் கேஸ் கட்டை மறுபேச்சில்லாமல் கொடுத்தார், அந்தச் செலவுத்தொகையையும் அவரே கட்டினார். இப்போது அப்பா குமாஸ்தாவுக்கு போன் போடுவதில்லை. வாய்தாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாறு இடத்தையும் ஒவ்வொன்றாக மொபைலில் அடிக்கிறார்.